அண்ணாச்சி கடைக்கு ஒரு இணையப் பக்கம்: பூட்ஸ்டிராப்பா, டெயில்விண்டா, வெறும் சிஎஸ்எஸ்ஸா?

தாராவி 90 அடி ரோட்டில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு இணையப் பக்கம் ஒன்று செய்து தருவதாக ஒத்துக்கொண்டோம். அவர் கேட்டது கொஞ்சம்தான். அன்றைய விலை தெரிய வேண்டும். எந்த ஏரியாவுக்கு எத்தனை மணிக்கு மாவு வரும் என்று தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட ஒரு பொத்தான். தமிழ், மராத்தி, ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். "எல்லாரும் போன்லதான் பாப்பாவ, அத மட்டும் மனசுல வச்சிக்கிடுங்க தம்பி" என்றார்.

பக்கத்தின் நிறம், அளவு, அடுக்கு எல்லாவற்றையும் பிரவுசருக்குச் சொல்லும் மொழி சிஎஸ்எஸ். அதை எழுதும் வேலையைக் குறைக்க மற்றவர்கள் முன்பே எழுதிவைத்த தொகுப்புகள் பூட்ஸ்டிராப்பும் டெயில்விண்டும். செய்கிறவர்கள் மூன்று பேர். மாதுங்காவில் இருக்கும் நண்பர் பத்து வருஷமாக பூட்ஸ்டிராப்பில் வேலை செய்பவர். "ஒரு ராத்திரியில முடிச்சிடலாம்" என்றார். போன வருஷம் டிகிரி முடித்த தம்பி டெயில்விண்ட் பக்கம். "இன்டர்வியூல இதைத்தாண்ணே கேக்கறாங்க" என்றான். எனக்கு இரண்டும் வேண்டாம், வெறும் சிஎஸ்எஸ் போதும் என்று பட்டது. பட்டால் மட்டும் போதாது, காரணம் சொல்ல வேண்டும். அதனால் அதே பக்கத்தை மூன்று விதமாகவும் செய்து பார்த்தோம். ஒரு வாரம் போனது. பார்த்ததை எழுதிவைக்கிறேன், இதே இடத்தில் நிற்கும் இன்னொருவருக்குப் பயன்படலாம்.

மூன்றும் போட்டியாளர்கள் போலத் தெரிந்தாலும் கடைசியில் பிரவுசருக்குப் போய்ச் சேருவது சிஎஸ்எஸ் மட்டும்தான். 1994-இல் செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது ஹோக்கன் வியும் லீ முன்வைத்த யோசனை அது. 1996 டிசம்பரில் அதன் முதல் நிலை வரையறை வெளிவந்தது. எழுத்து, நிறம், இடைவெளி எல்லாவற்றுக்கும் அதில் வழி இருந்தது. பக்கத்தை நெட்டுவாக்கில் பத்தி பத்தியாகப் பிரித்து அடுக்க மட்டும் சரியான வழி இல்லை. அந்தக் குறையை டேபிள் போட்டும், பெட்டியை ஓரத்துக்கு ஒதுக்கும் ஃப்ளோட் போட்டும் பல வருஷம் ஒப்பேற்றினார்கள். 2007-இல் ஐபோன் வந்தது. 2010-இல் ஈத்தன் மார்காட் ரெஸ்பான்ஸிவ் என்ற பெயரைக் கொடுத்தார்: ஒரே பக்கம், திரைக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அதைச் செய்ய ஃப்ளோட்டை விட்டால் வேறு கருவி கையில் இல்லை.

பூட்ஸ்டிராப் பிறந்த இடம் அந்தப் பள்ளம்தான். ட்விட்டரில் வேலை பார்த்த மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் 2011 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து அகலத்தைப் 12 பங்காக வெட்டி, இந்தப் பெட்டிக்கு 6 பங்கு, அந்தப் பெட்டிக்கு 4 பங்கு என்று கிளாஸ் பெயரிலேயே, அதாவது பெட்டிக்கு ஒட்டும் பெயரிலேயே, சொல்லிவிடலாம். அன்றைக்கு அது பெரிய விடுதலை. ஆனால் 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில், பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டைக் கொண்டுவந்தன. பள்ளம் மூடியாயிற்று. இதை நண்பரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "மூடினது தெரியும், ஆனா பாலம் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

பாலம் நன்றாகத்தான் இருக்கிறது. சொன்னபடி ஒரே இரவில் அவர் முடித்துவிட்டார். மெனு, பொத்தான், விலைப் பட்டியல், ஃபார்ம் எல்லாம் தயாராகக் கிடைத்தன. 576, 768, 992, 1200, 1400 பிக்ஸல் என்று ஐந்து பிரேக்பாயின்ட் (அடுக்கு மாறும் திரை அகலம்), எதையும் யோசிக்க வேண்டாம். ஐந்தாம் பதிப்பு 2021-இல் வந்ததிலிருந்து ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பும் தேவையில்லை. ஆனால் மூன்று பெட்டி, ஒரு பொத்தான், ஒரு பட்டியல் உள்ள பக்கத்துக்கு முழு சிஎஸ்எஸ் கோப்பும் வந்து இறங்குகிறது. சுருக்கிய கோப்பே 230 கிலோபைட்டை ஒட்டி இருக்கும்; கம்ப்ரஸ் செய்து அனுப்பினால் 30-ஐ ஒட்டி வரும். 30 பெரிய எடை இல்லை என்பது உண்மைதான். எனக்கு உறுத்தியது எடை இல்லை, வேறொன்று. அண்ணாச்சி கடைப் பலகையின் பச்சை நிறம் பொத்தானுக்கு வேண்டும், ஓரம் இன்னும் உருண்டையாக வேண்டும், விலை எழுத்து பெரிதாக வேண்டும் என்று ஆரம்பித்ததும் அவர் எழுதிய வரிகளில் பாதி பூட்ஸ்டிராப் சொன்னதை மறுத்துச் சொல்லும் வரிகளாகிவிட்டன. தைத்த சட்டையைப் பிரித்து மறுபடி தைக்கிற வேலை.

அதற்காக பூட்ஸ்டிராப்பை ஒதுக்கிவிடவில்லை. எங்களிடம் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தின் அலுவலகத்துக்கு முன்பதிவு பார்க்கும் உள்பக்கம். அதில் முப்பது நாற்பது ஃபார்ம் கட்டங்கள், அட்டவணைகள், தேதி மாற்றினால் எழும் எச்சரிக்கைப் பெட்டிகள். பார்க்கப்போவது அங்கே வேலை செய்யும் இரண்டு பேர். அழகு யாருக்கும் கவலை இல்லை, தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். அந்த வேலைக்கு பூட்ஸ்டிராப்தான், அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

டெயில்விண்ட் வேறு வகை. ஆடம் வாதன் உருவாக்கியது. 2017-இல் வெளிவந்தது, 2019-இல் 1.0 ஆனது. தயாராக எந்தப் பொத்தானும் அதில் கிடையாது. இடைவெளிக்கு ஒரு கிளாஸ், நிறத்துக்கு ஒரு கிளாஸ், எழுத்து அளவுக்கு ஒரு கிளாஸ் என்று சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொடுக்கிறது. நாம் அவற்றைப் பக்கத்தின் உள்ளடக்கம் இருக்கும் ஹெச்டிஎம்எல் கோப்பிலேயே கோக்கிறோம். முன்னொட்டு இல்லாமல் எழுதினால் போனுக்கு. "எம்டி" என்று முன்னால் சேர்த்தால் 768 பிக்ஸலுக்கு மேல். போனில் ஒரு பத்தி, பெரிய திரையில் மூன்று பத்தி என்பதை அந்த டேகைப் பார்த்ததுமே படித்துவிடலாம். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். வெறும் சிஎஸ்எஸ்ஸில் இதற்கு இன்னொரு கோப்பைத் திறந்து, கிளாஸ் பெயரைத் தேடி, திரை அகலத்தைக் கேட்கும் எந்த மீடியா குவெரிக்குள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெயர் வைக்கிற தலைவலியும் டெயில்விண்டில் இல்லை. ஒரு பெட்டியை அழித்தால் அதன் அலங்காரமும் சேர்ந்தே போய்விடும். பழைய சிஎஸ்எஸ் கோப்புகளில் எதை அழித்தால் எது உடையும் என்று பயந்து யாருமே எதையும் அழிக்காமல், கோப்பு பெருத்துக்கொண்டே போவதை நான் பல வருஷம் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் இங்கே இல்லை. பயன்படுத்திய கிளாஸ்களுக்கு மட்டும் சிஎஸ்எஸ் உருவாக்குவதால் வெளியே வரும் கோப்பும் சின்னது.

தம்பி செய்த பக்கம் அழகாகவும் இருந்தது. சிக்கல்கள் மூன்று. முதலாவது, சிஎஸ்எஸ்ஸை உருவாக்கித் தரும் கூடுதல் வேலை ஒன்று நடுவில் வருகிறது. கோப்புகளைத் துழாவி கிளாஸ் பெயர்களைப் பொறுக்கி எடுக்கும் கருவி ஓட வேண்டும். அந்தக் கருவி எழுத்தை எழுத்தாகத்தான் தேடும்; ஜாவாஸ்கிரிப்டில் பாதிப் பெயரையும் நிறத்தையும் ஒட்டிப் பெயர் செய்தால் அதற்குக் கண் தெரியாது. தீர்ந்துபோன மாவுக்குச் சிவப்பு, இருக்கிற மாவுக்குப் பச்சை என்று தம்பி அப்படித்தான் எழுதியிருந்தான். இரண்டு நிறமும் வரவில்லை, அரை நாள் தேடினோம். முழுப் பெயரை எழுதினால் சரியாகிவிடும், ஆனால் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, 2025 ஜனவரியில் வந்த நான்காம் பதிப்பு சஃபாரி 16.4, குரோம் 111, ஃபயர்ஃபாக்ஸ் 128 இவற்றுக்குக் கீழே இறங்காது. ஆண்ட்ராய்டில் குரோம் தனியாகப் புதுப்பித்துக்கொள்வதால் பெரும்பாலும் கவலை இல்லை. ஐபோன் அப்படி இல்லை. ஐபோன் 7 ஐஓஎஸ் 15-ஓடு நின்றுவிட்டது, அதிலுள்ள சஃபாரியும் அங்கேயே நிற்கும். கைமாறி வந்த பழைய ஐபோன்கள் அண்ணாச்சியின் வாடிக்கையாளர்களிடம் இருக்கின்றன. மூன்றாம் பதிப்பில் நின்றால் இது தீரும். புதிதாகத் தொடங்கும் வேலையைப் பழைய பதிப்பில் தொடங்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், அது தமிழ் எழுத்து சம்பந்தப்பட்டது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இப்போது வெறும் சிஎஸ்எஸ். இதில் இரண்டு கருவிகளைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஒரே வரிசைக்கு. நம்ம லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவது ஆள் வந்து "கொஞ்சம் தள்ளுங்க" என்றால் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சுருங்கி இடம் விடுவார்களே, அதுதான் ஃப்ளெக்ஸ். உள்ளே இருப்பவர்களின் பருமனைப் பார்த்து இடம் பங்கு போடப்படும். கிரிட் பந்தி மாதிரி. ஆள் வருவதற்கு முன்பே இலை போட்டாயிற்று. வரிசையும் தெரியும், வரிசைக்கு எத்தனை இலை என்பதும் தெரியும். மெனுவுக்கும் பொத்தான் வரிசைக்கும் ஃப்ளெக்ஸ், விலைப் பெட்டிகளுக்கு கிரிட் என்று நான் பிரித்துக்கொண்டேன்.

கிரிட்டில் ரிபீட், ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ் மூன்றையும் சேர்த்து ஒரே வரி எழுதலாம். அந்த வரி சொல்வது இது: ஒவ்வொரு பெட்டிக்கும் குறைந்தது 14 ரெம் அகலம் கொடு, இடம் இருக்கும் வரை பக்கத்தில் பக்கத்தில் அடுக்கு, மீதி இடத்தைச் சமமாகப் பங்கு போடு. ரெம் ஒன்று சாதாரணமாக 16 பிக்ஸல், ஆகவே 14 ரெம் என்பது 224 பிக்ஸல். 360 பிக்ஸல் போனில் ஒரு பத்தி, 768 டேப்லெட்டில் மூன்று, லேப்டாப்பில் அதற்கு மேல். ஒரு பிரேக்பாயின்ட் கூட எழுதவில்லை. எந்தெந்தப் போன் எவ்வளவு அகலம் என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லாத நிலை இது. முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இதோடு கன்டெய்னர் குவெரி வேறு வந்துவிட்டது. 2022 ஆகஸ்டில் குரோமிலும் அடுத்த மாதம் சஃபாரியிலும் 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்தது. திரை எவ்வளவு அகலம் என்று கேட்காமல், தான் உட்கார்ந்திருக்கும் பெட்டி எவ்வளவு அகலம் என்று கேட்கும். விலைப் பெட்டியை நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும் அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும். பூட்ஸ்டிராப்பின் 12 பங்கு இன்னும் திரையைத்தான் பார்க்கிறது. டெயில்விண்ட் நான்காம் பதிப்பில் இது உள்ளேயே இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

வெறும் சிஎஸ்எஸ்ஸின் குறை வேறு எங்கும் இல்லை, எழுதுகிற ஆளிடம்தான் இருக்கிறது. மூன்று பேர் எழுதினால் மூன்று விதமாகப் பெயர் வைப்பார்கள். இடைவெளியை ஒருவர் 12 பிக்ஸல் என்பார், இன்னொருவர் 1 ரெம் என்பார். நிறம், இடைவெளி, எழுத்து அளவு எல்லாவற்றையும் கோப்பின் தலையிலேயே மாறிகளாக எழுதி, அதற்கு வெளியே எண் எழுதுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். இந்தக் கட்டுப்பாட்டை டெயில்விண்ட் தானாகவே தருகிறது. இங்கே நாமே காவல் காக்க வேண்டும்.

சரி, தமிழுக்கு வருகிறேன். இந்த மூன்றையும் ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பக்கத்தை வைத்துத்தான் பேசுகின்றன. தமிழ் எழுத்து உள்ளே வந்ததும் கணக்கு மாறுகிறது.

முதலில் சொல்லின் நீளம். ஆர்டர் என்பது சின்னச் சொல். "முன்பதிவுசெய்துகொள்ளலாம்" என்று ஒட்டி எழுதிவிட்டால் அது ஒரே சொல், நடுவில் இடைவெளி கிடையாது. ஃப்ளெக்ஸ் வரிசையில் உள்ள பெட்டி, தனக்குள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடச் சிறியதாகச் சுருங்க மறுக்கும். மின்-வித், அதாவது குறைந்தபட்ச அகலம், அதன் இயல்பான மதிப்பு ஆட்டோ என்பதுதான் காரணம். நாலாவது சீட் உவமையில், தள்ள முடியாத ஒரு மூட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பது போல. விளைவு, பக்கம் பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும். மின்-வித்தை 0 ஆக்க வேண்டும், சொல்லை எங்கே உடைக்கலாம் என்று சொல்லும் ஓவர்ஃப்ளோ-ரேப்புக்கு எனிவேர் என்று கொடுக்க வேண்டும். பிரேக்-வேர்ட் என்று கொடுத்தால் சொல் உடையும், ஆனால் பெட்டியின் குறைந்தபட்ச அகலக் கணக்கில் அது சேராது, எனிவேர்தான் சேரும். கிரிட்டில் வெறும் 1 எஃப்ஆர் (மிஞ்சும் இடத்தில் ஒரு பங்கு) எழுதினாலும் இதே பிரச்சினை உண்டு. டெயில்விண்டின் கிரிட்-கால்ஸ் கிளாஸ்கள் மின்மேக்ஸில் 0 வைத்தே எழுதப்பட்டிருப்பதால் தம்பியின் பெட்டிகள் முதல் தடவையே நின்றன, என்னுடையவை நிற்கவில்லை.

எனிவேர் கொடுத்தாலும் மனசு நிறையாது. கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரியாது, அந்த அளவில் பிரவுசர் சரியாகவே செய்கிறது. ஆனால் புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போய்விடும். ஒற்றெழுத்தில் வரி தொடங்கக்கூடாது என்பது தமிழ் அச்சுக்கோப்பில் பழைய வழக்கம். அதைக் காப்பாற்ற நீளமான சொற்களில் உடையலாம் என்ற இடங்களை டபிள்யூபிஆர் டேக் போட்டு நாங்களே கையால் குறித்தோம். அதைவிட நல்ல வழி, சொல்லைப் பிரித்து எழுதுவது. பொத்தானில் இப்போது "ஆர்டர் செய்ய" என்றுதான் இருக்கிறது.

அடுத்தது வரி உயரம். தமிழில் மேலே இகர ஈகாரச் சுழிகள், கீழே உகர ஊகாரக் கால்கள். மராத்தியிலும் மேலும் கீழும் குறிகள் உண்டு. ஆங்கிலத் தலைப்புக்குப் போதுமான உயரம் இரண்டுக்கும் போதாது. டெயில்விண்டில் எழுத்து அளவு கிளாஸ் போட்டாலே வரி உயரமும் ஒட்டிக்கொண்டு வரும். டெக்ஸ்ட்-5எக்ஸ்எல்லும் அதற்கு மேலும் போனால் அது 1. ஆங்கிலத்தில் கச்சிதமாக இருக்கும். தமிழில் இரண்டு வரித் தலைப்பானால் மேல் வரியின் "கு" கீழ் வரியின் "கி"மேல் இடிக்கிறது. முன்பே சொன்ன மூன்றாவது சிக்கல் இதுதான். பூட்ஸ்டிராப் தலைப்புகளுக்கு 1.2 தருகிறது, அதுவும் இறுக்கம்தான். தமிழ் தலைப்புக்கு 1.4, மற்ற வரிகளுக்கு 1.7 என்று வைத்தபோது எங்கள் கண்ணுக்கு அமைந்தது. ஹெச்டிஎம்எல்லில் மொழியை ஒழுங்காகக் குறித்துவிட்டால், லேங் செலக்டரை வைத்து மூன்று மொழிக்கும் மூன்று உயரம் மூன்றே வரியில் எழுதிவிடலாம். வெறும் சிஎஸ்எஸ்ஸுக்கு என் ஓட்டு விழுந்தது இந்த இடத்தில்தான். மற்ற இரண்டிலும் முடியாது என்பதில்லை. முடியும், ஆனால் அவை முன்பே எடுத்துவைத்த முடிவைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும்.

சின்ன விஷயங்கள் சில. ஆங்கில வடிவமைப்பில் கேபிடல் எழுத்து வைத்துத் தலைப்பை வேறுபடுத்துவார்கள். தமிழில் அந்த வசதி இல்லை, எழுத்தின் தடிமனும் நிறமும்தான் கை கொடுக்கும். இட்டாலிக் போட்டால் பிரவுசர் பெரும்பாலும் எழுத்தைச் செயற்கையாகச் சாய்க்கும், படிக்க நன்றாக இராது. வரி அகலத்தை 65 சிஎச் என்று வைக்கச் சொல்வார்கள். அந்த அலகு பூஜ்ஜியத்தின் அகலத்தை அளவாகக் கொண்டது, தமிழ் எழுத்துகளில் பல அதைவிட அகலம். நாங்கள் ரெம்மிலேயே அளந்தோம். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எடுத்தோம். எந்த எழுத்துகளுக்கு அந்தக் கோப்பு என்று சொல்லும் யூனிகோட்-ரேஞ்ச் குறித்துவிட்டால் தமிழ் எழுத்து இல்லாத பக்கத்தில் அந்தக் கோப்பு இறங்கவே இறங்காது. மராத்திப் பக்கத்தைப் பார்ப்பவருக்கு டேட்டா மிச்சம்.

இவ்வளவுக்கும் பிறகு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: இரண்டு வருஷம் கழித்து இந்தக் கோப்பைத் திறக்கப்போவது யார்? அண்ணாச்சியின் மகன் இப்போது பதினோராம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ். நாங்கள் மூவரும் அப்போது வேறெங்காவது இருக்கலாம். விலைப் பெட்டி ஒன்று கூட்ட வேண்டும் என்றால் அந்தப் பையன் நோட்பேடில் திறந்து, வரியைப் பார்த்து, மாற்றிச் சேமித்தால் வேலை முடிய வேண்டும். எந்தக் கருவியையும் நிறுவாமல், எந்தப் பதிப்பு என்று தேடாமல். ஒரே சிஎஸ்எஸ் கோப்பு, 200 வரிக்குள், மேலே மாறிகள், தமிழில் குறிப்புகள். அதனால் அண்ணாச்சி கடைக்கு வெறும் சிஎஸ்எஸ். இதே பக்கம் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பில் எழுதிய பெரிய செயலியாக, பத்துப் பேர் தினமும் கைவைக்கிறதாக இருந்திருந்தால் தம்பி சொன்னதற்கே சம்மதித்திருப்பேன்.

தம்பியிடம் சொன்னது இன்னொன்றும் உண்டு. டெயில்விண்டை விடாதே, வேலைக்கு அது வேண்டும். ஆனால் மூன்று மாதம் ஃப்ளெக்ஸும் கிரிட்டும் கையால் எழுது. கிளாஸ் பெயர் ஒவ்வொன்றும் எந்தச் சிஎஸ்எஸ் வரி என்று தெரிந்த பிறகு அது கருவி. தெரியாதவரை மனப்பாடம்.

பக்கத்தை வெளியிட்ட அன்று மாலை கடைக்குப் போய் அண்ணாச்சி போனில் பார்த்தோம், சரியாக இருந்தது. பக்கத்தில் நின்ற மதினி தன் போனில் திறந்தார்கள். கண்ணுக்குச் சிரமம் என்று குரோமில் எல்லாப் பக்கத்தையும் 150 சதவீதமாகப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். "வெல பாதியில வெட்டிக்கிட்டு நிக்கே தம்பி" என்றார்கள். 360 பிக்ஸல் திரை அவர்களுக்கு 240 ஆகிவிட்டது. இரண்டு பக்க ஓரமும் போக மிஞ்சுவது 208, என் பெட்டியோ 224-க்குக் கீழே இறங்காது. "டெயில்விண்ட்ல போனுக்கு ஒத்தப் பத்தின்னு ஆரம்பிச்சிருப்பேண்ணே, இது வந்திருக்காது" என்றான் தம்பி. உண்மைதான். அன்று இரவு 14 ரெம் என்று எழுதியிருந்த இடத்தில் மின் என்ற சார்பைப் போட்டு, 100 சதவீதம், 14 ரெம் இரண்டில் எது சிறியதோ அது என்று மாற்றினேன். மறுநாள் காலை மதினி போனில் விலை முழுதாகத் தெரிந்தது.